ஒரு மீற்றர் குழாய் 1,000 ரூபா: வன்னிக் கிராமமொன்றுக்குக் கொழும்பில் சேர்த்த தண்ணீர்க் காசு

நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரமாக வாழும் 45 குடும்பங்களுக்குச் சூரிய சக்தியில் இயங்கும் குடிநீர்த் திட்டமொன்றை அமைத்து ஊர்ச் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். வேலையைச் செய்தவர்கள் மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் மாணவர்கள். காசு தந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழர்கள். இதே போன்ற வேலையைத் தொடங்க நினைக்கும் தம்பி, தங்கைகள் பலர் இப்போது எங்களை அழைத்து, "காசு எப்படிச் சேர்த்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். எந்தப் பம்பி, எந்தப் பனல் என்று கேட்பவர்கள் குறைவு. அவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: கிணற்றை அளந்து முடிக்கும் வரை யாரிடமும் காசு கேட்காதீர்கள். கேட்கும் தொகைக்குள், திட்டம் பழுதடையும் நாளுக்கான செலவையும் சேர்த்துக் கேளுங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்தும் தானாக வரும்.

அந்த ஊர் வவுனியா வடக்குப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. ஏ-9 வீதியில் புளியங்குளத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பிப் போகவேண்டும். போரில் இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் வந்து குடியேறிய மக்கள். ஊருக்குப் பொதுவாக நல்ல கட்டுக் கிணறு ஒன்று இருக்கிறது. மீள்குடியேற்றக் காலத்தில் கிடைத்த மண்ணெண்ணெய் இயந்திரம் ஒன்றும் சிறிய தாங்கியும் முன்பு இருந்தன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. அந்த விலையில் ஊரால் அந்த இயந்திரத்தை இயக்க முடியவில்லை. அது மூலைக்குப் போனது; வாளியும் கயிறும், சைக்கிள் கரியரில் கட்டிய பிளாஸ்டிக் கான்களும் திரும்பி வந்தன. வீடுகளுக்கு மின்சாரம் இருக்கிறது. ஆனால் கிணற்றடி வரை மின்கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவும், மாதக் கட்டணத்தை யார் பெயரில் எடுப்பது என்ற சிக்கலும் அந்த வழியை அடைத்திருந்தன. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை.

கிணற்றின் விட்டம் 4 மீற்றர். அப்படியென்றால் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தால் ஏறத்தாழ 125 லீற்றர் ஊறியிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, செப்டெம்பர் மாதத்தில் போய் அளந்தோம். மாரி மழை ஒக்டோபரில்தான் தொடங்கும். அதற்கு முந்திய வாரங்களில்தான் வன்னிக் கிணறுகள் அடி காணும். மார்கழியில் அளந்தால் எந்தக் கிணறும் வள்ளல்தான். வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் தண்ணீரை இறைத்து மட்டத்தை நன்றாக இறக்கினோம். பிறகு அளவு நாடாவின் நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, இரவு முழுக்க மணிக்கு ஒருமுறை குறித்தோம். நட்டு தண்ணீரைத் தொடும்போது டோர்ச் வெளிச்சத்தில் ஒரு சிறு வளையம் விரியும். அந்தக் கணத்தில் வாசிக்கவேண்டும். மணிக்குச் சராசரியாக 5 சென்ரிமீற்றர் ஏறியது. கணக்குப் போட்டால் மணிக்கு 625 லீற்றர், ஒரு நாளுக்கு 15,000 லீற்றர்.

அந்த 15,000 லீற்றரையும் எடுத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லில் நிலத்தடி நீர் ஓடும் விதம் வேறு. இங்கே கீழே இருப்பது கடும்பாறை. உக்கிய மேற்படையிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கும் நீர்தான் கிணற்றுக்கு மெல்ல வந்து சேர்கிறது. ஒரு வருடம் மழை பொய்த்தால் ஊற்றும் சுருங்கும். ஆகவே மூன்றில் இரண்டு பங்கு, 10,000 லீற்றர் என்று எல்லை வகுத்தோம். ஊரில் ஏறத்தாழ 180 பேர், ஆளுக்கு 50 லீற்றர் என்று வைத்தால் 9,000, மீதி முன்பள்ளிக்கு. தேவையும் கிணறும் ஒத்துப்போன பிறகுதான் இந்த ஊரில் இதைச் செய்யலாம் என்று துணிந்தோம்.

தண்ணீரின் தரத்தையும் பார்த்தோம். சிறுநீரக நோயின் பயம் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, தம்பி?" என்பதுதான் தாய்மார் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. உலர் வலயத்தில் ஆழமான குழாய்க் கிணறுகளில் புளோரைட்டு கூடுதலாக இருப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெப்பமான நாட்டில் மனிதர் அதிகம் தண்ணீர் குடிப்பதால் இலங்கைத் தரம் அதை 1.0 ஆகக் குறைத்து வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்திப் பரிசோதித்ததில் எங்கள் கிணற்றின் புளோரைட்டு அந்த எல்லைக்குள் இருந்தது. தண்ணீர் கடினம்தான், கேத்தலின் அடியில் வெள்ளை படியும், ஆனாலும் அனுமதித்த அளவுக்குள் அடங்கியது. கோலிபோம் கிருமி இருந்தது. திறந்த கிணறுகளில் அது எதிர்பார்க்கக்கூடியதே. அதற்குக் குளோரின் இடவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவுறுத்தினார். குழாய்க் கிணறு அடித்தால் நவீனமாக இருக்கும் என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொன்னார்கள். இருக்கிற நல்ல கிணற்றை விட்டுவிட்டு, தெரியாத ஆழத்தில் தெரியாத தண்ணீரைத் தேடுவதற்கு நான் உடன்படவில்லை.

இனி மின்சாரக் கணக்கு. ஒரு கன மீற்றர் தண்ணீரை ஒரு மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 2.7 வொட்மணி சக்தி வேண்டும். செப்டெம்பரில் நீர்மட்டம் தரையிலிருந்து 9 மீற்றர் கீழே. தாங்கியின் வாய் தரையிலிருந்து 7 மீற்றர் மேலே. குழாய் உராய்வுக்கு 2 மீற்றர். ஆக 18 மீற்றர். பத்துக் கன மீற்றரை அவ்வளவு உயர்த்த அரைக் கிலோவொட்மணிக்கும் சற்றுக் குறைவு. பம்பி, மோட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்து 40 சதவீதத் திறனில் இயங்கினால் 1.2 கிலோவொட்மணி. மேகமூட்டத்தையும் மனதில் வைத்து ஒரு நாளுக்கு 4 மணி நேர முழு வெயில் என்று எடுத்து, வெப்பத்துக்கும் தூசுக்கும் கால்பங்கைக் கழித்தால் 400 வொட்டுக்குச் சற்று மேலே போதும். நாங்கள் 330 வொட் பனல்கள் மூன்றைத் தொடராக இணைத்தோம். கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்தெழத் தேவையான மின்னழுத்தம் காலை வெயிலிலேயே கிடைக்கவேண்டும் என்பது அதற்கு முதற்காரணம். பெருங்கணக்கில் இன்னொன்றும் ஆறுதல் தந்தது: வடகீழ்ப் பருவ மழையில் வெயில் மங்கும் மாதங்களில் கிணறு நிரம்பி நிற்கும். தூக்கவேண்டிய உயரம் பாதியாகிவிடும். வெயில் குறையும்போது வேலையும் குறைகிறது.

மின்கலம் வைக்கவில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது மலிவு. தாங்கி சில வருடங்களில் செத்துப்போவதில்லை. 5,000 லீற்றர் தாங்கிகள் இரண்டு, 5 மீற்றர் உயரக் கொங்கிரீட் கோபுரத்தின் மேல். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே பத்துத் தொன். சூரிய சக்தித் திட்டம் என்றதும் எல்லோரும் பனலைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் செலவில் பனல்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோபுரமும் குழாயும்தான் காசை விழுங்கின. இந்த உண்மை தெரிந்தபிறகு, எதைக் காட்டிக் காசு கேட்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது.

குழாயைக் காட்டிக் கேட்டோம். ஊருக்குள் ஓடவேண்டிய குழாய் ஏறத்தாழ 900 மீற்றர். குழாய், பொருத்துகள், அடியில் பரப்பும் மணல், லொறிக்கூலி எல்லாவற்றையும் கூட்டி மீற்றருக்கு 1,000 ரூபா என்று ஒரு கூப்பன் அச்சடித்தோம். கட்டடப் பொறியியல் படிக்கும் தங்கை ஒருத்தி பிரிஸ்டல் அட்டையில் ஊரின் படத்தை அளவுப்படி வரைந்தாள்: கிணறு, கோபுரம், முன்பள்ளி, கோயில், ஒவ்வொரு வீடும். குழாய் போகும் பாதை பென்சில் கோடு. ஒரு கூப்பன் விற்றால் அந்தக் கோட்டின் மேல் ஒரு மீற்றருக்குரிய அளவு நீலப் பேனையால் நிறம் ஏறும். வாங்கியவரே அந்த நிறத்தைத் தீட்டலாம். "என்னுடையது எந்த வீட்டுக்குப் போகிறது?" என்று குனிந்து பார்க்காதவர் குறைவு. பொதுவாக "நன்கொடை தாருங்கள்" என்று கேட்டபோது 100 ரூபா தந்த கைகள், படத்தைப் பார்த்தபின் ஓராயிரம் தந்தன.

அந்தப் படத்தோடு நாங்கள் ஆடிவேல் விழாவுக்குப் போனோம். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் இரதம் பம்பலப்பிட்டிக்கு வரும் பாதையில், காலி வீதியோரம் தாகசாந்தி நடத்தும் ஒரு குடும்பத்தார் தங்கள் கொட்டகையின் ஓரத்தில் இடம் தந்தார்கள். மோர் ஒரு பக்கம், எங்கள் பொறி மறு பக்கம். 100 வொட் பனல் ஒன்று, 12 வோல்ற் சிறு பம்பி ஒன்று, கீழே ஒரு வாளி, மூன்று மீற்றர் உயரத்தில் இன்னொரு வாளி, நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். வெயில் பட்டால் தண்ணீர் ஏறும், மேல் வாளி நிரம்பிக் கீழே கொட்டும். அவ்வளவுதான். ஆனால் கூட்டம் நின்றது. கொழும்பின் யூலை வானம் தென்மேல் மேகத்தோடு வருவதும் எங்களுக்கு உதவியது. மேகம் மறைக்க நீர்த்தாரை மெலியும், விலக மீண்டும் தடிக்கும்.

பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி பனலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தண்ணீர் குழாயின் நடுவில் தயங்கி நின்றது. கையை எடுத்தாள், ஏறியது. மறுபடி வைத்தாள். அவளுடைய தந்தை, "இவ்வளவு பெரிய பனலில் ஒரு கை மறைத்ததற்கா இப்படி?" என்று கேட்டார். பனலுக்குள் கலங்கள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று இருளடைந்தால் அந்த வரிசையின் மின்னோட்டமே தடைப்படும். பக்கவழி டயோட் என்ற சிறு மின்னுறுப்பு அந்த வரிசையைத் தாண்டிப் போகவிடும்போது மின்னழுத்தம் பாதியாகும். இதை விளக்கியபோது சுற்றி நின்றவர்கள் கவனமாகக் கேட்டார்கள். மரநிழலில் பனல் வைக்கக் கூடாது என்பதைப் பின்னர் ஊரில் சொல்லவேண்டி வந்தபோதும் இந்த உள்ளங்கை விளையாட்டைத்தான் செய்து காட்டினோம். கிணற்றடிப் புளியமரத்தை வெட்டுவதா என்ற பேச்சு அத்தோடு முடிந்து, பனலின் இடம் மாறியது.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒடியல் கூழ் காய்ச்சி விற்றோம். நண்டும் இறாலும் விற்கிற விலையில் கையில் நின்றது சிறுதொகை. ஆனால் கூழ் குடிக்க வந்தவர்களில் சிலர்தான் பிறகு கோபுரத்தின் தூண்களுக்குக் காசு தந்தார்கள். மண்டபம் எடுத்து நிகழ்ச்சி நடத்தும் யோசனையை வாடகையைக் கேட்டதும் கைவிட்டோம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாசற்காவலாளியைத் தாண்டுவதே கடினம். உள்ளே தெரிந்த ஒருவர் அழைத்தால் மட்டுமே போகலாம், அப்படிப் போனால் ஒரு மாடியில் ஒரு வீடு அடுத்த வீட்டை அறிமுகப்படுத்தும். ஒரு பெரிய நிறுவனம் பம்பியின் முழுச்செலவையும் தருவதாகச் சொல்லி, திறப்பு விழாவின் திகதியை முதலில் கேட்டது. கிணற்றுப் பரிசோதனை முடியாமல் திகதி தர முடியாது என்றோம். பிறகு பதில் வரவில்லை. அந்தக் காசு வராதது நல்லதுதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். விழாத் திகதிக்காகக் கொங்கிரீட்டை அவசரப்படுத்தும் நிலை எங்களுக்கு வரவில்லை.

சேர்த்த காசின் வங்கிக் கணக்கு, விரிவுரையாளர் ஒருவரோடு சேர்த்து மூன்று பேரின் கையொப்பங்களில் இருந்தது. ஒவ்வொரு மாத முடிவிலும் பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்துக் கூப்பன் வாங்கிய எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஆணி வாங்கிய சீட்டும் அதில் இருக்கும். இதைச் செய்யாமல் இரண்டாம் முறை ஒருவரிடம் போய் நிற்க முடியாது.

பொருள் வாங்கியது புறக்கோட்டையில். குழாய்க்குக் குவாரி வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடை நானா எங்கள் வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்து, "தம்பி, ஒன்றரை அங்குலம் போடுங்கள், காசு மிச்சமாகும். இரண்டு அங்குலம் எதற்கு?" என்றார். அவரிடமே பேனையை வாங்கிக் கணக்கைப் போட்டோம். தாங்கியின் அடி 5 மீற்றர் உயரத்தில். நொடிக்கு ஒரு லீற்றர் ஓடினால் ஒன்றரை அங்குலக் குழாயில் 400 மீற்றர் போவதற்குள் நான்கு மீற்றருக்கு மேல் உராய்விலேயே கரைந்துவிடும். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டும். இரண்டு அங்குலத்தில் அந்த இழப்பு ஒன்றரை மீற்றருக்குள் நின்றுவிடும். நானா கணக்கை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "சரி, இரண்டே எடுங்கள். கிளைகளுக்கு ஒரு அங்குலம்" என்று சொல்லிவிட்டு, விலையிலும் இறங்கி வந்தார்.

பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன இன்னொரு செய்திதான் எங்கள் திட்டத்தையே மாற்றியது. "இதற்கு உத்தரவாதம் ஒரு வருடம். இடி விழுந்து எரிந்தால் அதுவும் இல்லை. பிறகு யார் வாங்குவார்கள்? நீங்கள் அப்போது படித்து முடித்து எங்கேயோ போயிருப்பீர்கள்."

உண்மைதான். மாணவர் அணி ஒவ்வொரு வருடமும் கலைந்து புதிதாகச் சேர்வது. பனல் 25 வருடம் உழைக்கும். பம்பிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அந்த ஆயுள் கிடையாது. ஆபிரிக்காவின் கைப்பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இயங்காமல் கிடக்கின்றன என்று 2009 இல் ஒரு மதிப்பீடு வந்தது. அமைத்தவர்கள் போய்விட்டார்கள், உதிரிப்பாகத்துக்குக் காசில்லை. உலகம் முழுக்க இதே காரணங்கள்தான். ஊரில் வீட்டுக்கு மாதம் 100 ரூபா எடுக்கலாம் என்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஏற்றுக்கொண்டது. வருடத்துக்கு 54,000 ரூபா. சிறு பழுதுகளுக்கு அது போதும். பம்பி போனால் போதாது.

இதற்கு நாங்கள் கோயிலைப் பார்த்தோம். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். தகப்பன் செய்வார், அவருக்குப் பின் மகன் செய்வான். மகன் கனடாவில் இருந்தாலும் அந்த நாளுக்கான காசு வந்து சேரும். யாரும் யாரையும் துரத்திக் கேட்பதில்லை. அதே முறையில் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு உபயகாரர்களைத் தேடினோம். ஒவ்வொருவரும் தம் மாதத்தில் வருடந்தோறும் 5,000 ரூபாவைச் சங்கத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்பவேண்டும். மாணவர்கள் நடுவில் இல்லை. வருடத்துக்கு 60,000 ரூபா சேரும். அதில் யாரும் கை வைக்காமல் பம்பிக்காகவே கிடக்கும்.

தாங்கியில் பெயர் எழுதக் கேட்டவர்கள் பலர். தொரன்றோவில் இருக்கும் ஒரு அண்ணா, தாயாரின் நினைவாகக் கோபுரம் முழுவதையும் தாம் கட்டித் தருவதாகவும், அவருடைய பெயரைப் பொறிக்கவேண்டும் என்றும் கேட்டார். கோபுரத்தில் யாருடைய பெயரும் வராது என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தோம். ஆயிரம் ரூபா தந்த முன்னூறு பேரை விட்டுவிட்டு ஒருவரை எழுதுவது சரியல்ல. "அம்மாவின் திதி எந்த மாதம், அண்ணா?" என்று கேட்டோம். மாசி. மாசி மாத உபயம் இப்போது அவருடையது. கோபுரத்துக்கும் ஒரு பங்கு தந்தார். ஒருமுறை தரும் பெரிய தொகையைவிட ஆண்டுதோறும் வரும் அந்த 5,000 ரூபா எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கட்டும் வேலைக்கு வருவோம். குழாய்கள் புறக்கோட்டையிலிருந்து வடக்கே போகும் இரவு லொறியில் போயின. கிடங்கு வெட்டியது ஊரின் சிரமதானம். மண்வெட்டியில் எங்களில் யாரும் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஈடில்லை. உழவு இயந்திரம் கடக்கும் இடங்களில் கிடங்கை ஆழமாக்கினோம். கோபுரத்துக்கு அனுபவப்பட்ட மேசன் ஒருவரையும், வரைபடத்தைச் சரிபார்க்க விரிவுரையாளர் ஒருவரையும் வைத்துக்கொண்டோம். பத்துத் தொன்னைத் தலைமேல் தாங்கும் கட்டடத்தில் மாணவர் கையெழுத்து மட்டும் போதாது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை அந்த ஊர் மறக்கவில்லை. பனல் சட்டத்தின் கால்களையும் கொங்கிரீட் அத்திவாரத்துக்குள் இறக்கிக் கட்டினோம். யானை வருகிற ஊர் என்பதால் சுற்றிலும் வேலி வேண்டும் என்றார்கள், போட்டோம்.

பனல் தெற்கு நோக்கி 10 பாகை சாய்வில் இருக்கிறது. அந்த அகலாங்கில் அது போதும். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைநீர் தூசைக் கழுவிக்கொண்டு ஓடாமல் விளிம்பில் தேங்கும். கோபுரத்தின் தெற்குப் பக்கத்தில் வைத்தோம். மார்கழியில் நண்பகல் நிழல் வடக்கே நீளும் என்பதால் கோபுர நிழல் பனலைத் தொடாது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்தாலும் நிழல் இரண்டு மீற்றரைத் தாண்டுவதில்லை. அந்த இடைவெளியை விட்டிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் நேரம் எடுத்த வேலை, பம்பியின் கம்பியோடு நீண்ட கேபிளை இணைப்பது. இந்த மூட்டு வாழ்நாள் முழுவதும் தண்ணீருக்குள் கிடக்கும். இதில் அவசரப்பட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. கம்பிகளை ஒரே இடத்தில் வெட்டாமல் ஒன்றைவிட ஒன்று இரண்டு விரல் தள்ளிப் படிப்படியாக வெட்டவேண்டும். மூட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் உறை கிழியும் நாளில் ஒன்றையொன்று தொடும். செப்பைப் பளபளப்பாகச் சுரண்டி, இணைப்புக் குழலில் செருகி அழுத்தி, இழுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பசை பூசிய சுருங்கும் உறையை ஏற்றிச் சூடு காட்டவேண்டும். உறை இறுகி வரும்போது இரண்டு நுனியிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கும். நான்கு பக்கமும் அந்த வளையம் தெரிந்தால்தான் மூட்டு மூடியது. பிதுங்காத இடம் ஒன்றிருந்தால் தண்ணீருக்கு அதுவே வாசல். மேலே பெரிய உறை, அதற்கும் மேலே தானாக ஒட்டும் றப்பர் நாடா. முடித்தபின் மூட்டை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மெகர் என்ற கருவியை வைத்துக் காப்புத் தடையைப் பார்த்தோம். முள் அசையவில்லை, மின்கசிவு இல்லை. அதன் பிறகே பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கினோம், நைலோன் கயிற்றில் கட்டி, அடியிலிருந்து ஒரு மீற்றர் மேலே. கேபிளில் பாரம் விழவே கூடாது. பம்பிக்குச் சற்று மேலே வறட்சி உணரி இருக்கிறது. நீர் அதற்குக் கீழே போனால் மோட்டர் தானாக நிற்கும்.

இன்னொன்றையும் இளையவர்களுக்குச் சொல்லவேண்டும். வெயிலில் இருக்கும் பனலின் இணைப்பை, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்துக் கழற்றாதீர்கள். நேரோட்ட மின்சாரத்தின் பொறி வீட்டு மின்சாரத்தைப் போல் அணைந்துவிடாது, நீண்டு எரியும். முதலில் துண்டிப்பானை அணையுங்கள். சித்திரை மாத இடிக்காக மின்னல் காப்பும் நிலத்தொடுப்பும் போட்டிருக்கிறோம். அதற்கான செலவைக் குறைக்கச் சொன்னவர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் விலையைக் காட்டினோம்.

ஐந்து வீட்டுக்கு ஒன்றாக ஒன்பது பொதுக் குழாய்கள். கடைசிக் குழாயடியில் 20 லீற்றர் வாளியை வைத்துத் திறந்தபோது 95 நொடியில் நிரம்பியது. அந்த வீட்டு அம்மா வாளியை எடுத்துக் கொண்டுபோய் முற்றத்தில் நின்ற தென்னம்பிள்ளைக்கு ஊற்றிவிட்டு, அடுத்த வாளியைச் சமையலுக்கு எடுத்தார்.

திட்டம் இப்போது சங்கத்தின் கையில் இருக்கிறது. ஊரின் இளைஞர் இருவர் பம்பியைக் கழற்றவும் பூட்டவும் பழகியிருக்கிறார்கள். குளோரினைத் தாங்கியில் இடும் வேலையையும், மீதிக் குளோரினைச் சோதனைக் குப்பியில் பார்க்கும் வேலையையும் முன்பள்ளி ஆசிரியை ஏற்றிருக்கிறார். பராமரிப்புக் காசிலிருந்து முதலில் வாங்கியது தாங்கியின் மிதவைச் சுவிட்சு ஒன்று. அடுத்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கம்பி நுழையும் துளையில் எறும்பு கூடு கட்டியிருந்ததால் அதை அடைக்கும் முத்திரை. இரண்டையும் ஊர்ப் பிள்ளைகளே பொருத்தினார்கள். பற்றுச்சீட்டின் படம் மட்டும் எங்களுக்கு வந்தது.

கோபுரத்தின் வெளிவாய்க் குழாயில் நீர்மானி ஒன்று இருக்கிறது. அதன் வாசிப்பை ஒவ்வொரு மாலையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் குறிக்கிறார்கள். அண்மைய வாரங்களில் நாளாந்தப் பாவனை 10,000 லீற்றரைத் தாண்டத் தொடங்கியிருக்கிறது. நான்காவது பனல் ஒன்று போடலாமா என்று சங்கத் தலைவி கேட்டார். பெட்டியின் மின்னழுத்த எல்லை அதற்கு இடம் தராது, கிணற்றின் எல்லையும் தராது. இரவு பத்து மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் நீர்மானியை வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். யாரும் தண்ணீர் எடுக்காத அந்த நேரத்தில் முள் நகர்ந்தால் எங்கோ மூட்டுக் கசிகிறது. கிளைகளை ஒவ்வொன்றாகப் பூட்டி அதைத் தேடவேண்டும். நகராவிட்டால், ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் குழாய் நீரில் தோட்டத்துக்கு விடுவதில்லை என்று கூட்டத்தில் எடுத்த முடிவைச் சங்கம் நடைமுறைப்படுத்தவேண்டும். முதல் இரவு வாசிப்பு இந்த வாரம் வரும்.